பாஸ்வேர்டு பெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். போன மாதம் பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு கராஜ் சேலில், மில்டன் பிராட்லி கம்பெனியின் 'பாஸ்வேர்டு' போர்டு கேம் ஒன்றை நான்கு டாலருக்கு வாங்கினேன். அதே பெயரில் வந்த டிவி நிகழ்ச்சியை வைத்துச் செய்தது. மூலைகளில் செலோ டேப் ஒட்டிய, பழுப்பேறிய பெட்டி. மகளுக்கு ஆங்கிலச் சொல் பழகட்டும் என்றுதான் வாங்கினேன்.

மறுநாள் அலுவலகத்தில் மேஜைமேல் வைத்திருந்தேன். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் சக ஊழியர் ஒருவர் அதைக் கையில் எடுத்தவர், வெகுநேரம் கீழே வைக்கவில்லை. சின்ன வயதில் காய்ச்சலால் பள்ளிக்குப் போகாத நாட்களில் அம்மாவோடு அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பாராம். சாயங்காலம் இதே போன்ற பெட்டியைத் திறந்து அம்மாவோடு ஆடுவாராம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டார்.

தாயம், பல்லாங்குழி மேல் நமக்குள்ள ஏக்கம் புரிகிறது. அவை தலைமுறை தலைமுறையாக வந்தவை. ஒரு டிவி நிகழ்ச்சியின் பெயரை வைத்துக் காசு பார்க்க அச்சடித்த அட்டைப்பெட்டி மேல் இப்படி ஓர் ஏக்கம் வருமா? உள்ளே பென்சிலால் எழுதிய பழைய மதிப்பெண் தாள் ஒன்றும் இருக்கிறது. அதைத் தூக்கிப்போடுவதா வேண்டாமா என்றும் தெரியவில்லை.

அன்புடன்,
கு.

அன்புள்ள கு.,

முதலில், அந்தத் தாளைத் தூக்கிப்போடாதீர்கள்.

காசு பார்க்க அச்சடித்ததுதான், மறுக்கவில்லை. அந்தக் கம்பெனி பிறந்ததே அப்படித்தான். மில்டன் பிராட்லி மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் கல்லச்சுக்காரர், அதாவது கல்லில் வரைந்து படம் அச்சிடுபவர். 1860-இல் தாடியில்லாத லிங்கனின் படத்தை அச்சிட்டு விற்றார். லிங்கன் தாடி வளர்த்தார், படம் தேங்கிப்போனது. அந்த நெருக்கடியில்தான் அவர் அட்டையில் ஓர் ஆட்டத்தை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். நூறு வருடம் கழித்து அதே கம்பெனி டிவி முகங்களை அட்டையில் அச்சிட்டது. ஆனால் எதற்காக அச்சடித்தார்கள் என்பதை வைத்து, வாங்கிய வீட்டில் அது என்னவாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

'பாஸ்வேர்டு' சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1961 அக்டோபரில் தொடங்கியது. ஆலன் லடன் நடத்தினார். 1967-இல் நின்று, பிறகு 1971 முதல் 1975 வரை ஏபிசியில் வந்தது. உங்கள் நண்பர் அம்மாவோடு பார்த்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது சுற்றாக இருக்கும். இரண்டு இரண்டு பேராக இரு அணி. ஒருவருக்கு மறைசொல் தெரியும், அவர் ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாகத் தர வேண்டும், கூட்டாளி கண்டுபிடிக்க வேண்டும். முதல் குறிப்பிலேயே சொல்லிவிட்டால் பத்து மதிப்பெண். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒன்று குறையும்.

டிவியில் பார்ப்பவர்களுக்கு மறைசொல் முதலிலேயே தெரிந்துவிடும். திரையில் எழுத்து வரும், அறிவிப்பாளர் ரகசியம் போலக் கிசுகிசுப்பார். எனவே வீட்டில் இருப்பவர் எப்போதும் எல்லாம் தெரிந்தவர். 'ஐயோ, இதுகூடத் தெரியவில்லையா' என்று சோபாவிலிருந்து கத்துகிறவர். 1962-இல் முதல் பெட்டி கடைக்கு வந்தபோது அவர் முதன்முறையாக எதிர்நாற்காலிக்கு வந்தார். இப்போது சொல் அவருக்குத் தெரியாது. எதிரே அம்மா ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, கண்ணைப் பார்த்துக் காத்திருக்கிறாள். எப்படியாவது தன் மனதுக்குள் இருப்பதை இவன் பிடித்துவிட வேண்டும் என்று அவள் தவிக்கிறாள். ஒரு பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் நண்பர் கண் கலங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பெட்டியில் சிவப்பு ஜன்னல் வைத்த உறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் சொற்களின் மேல் சிவப்பு மையால் கிறுக்கியது போல அச்சிட்டிருப்பார்கள், வெறும் கண்ணுக்குப் படிக்க வராது. உறைக்குள் நுழைத்தால் சிவப்புத் தாள் வழியே அந்தக் கிறுக்கல் மறைந்து, அடியில் உள்ள சொல் கருமையாக மேலே வரும். எத்தனை எளிய தந்திரம்! டிவியின் கிசுகிசுப்பை அட்டையில் எப்படிக் கொண்டுவருவது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். வெறும் பெயரை ஒட்டி விற்பவர் அவ்வளவு மெனக்கெட மாட்டார்.

எல்லாப் பெட்டியும் இப்படி அல்ல. வினாடி வினா போன்ற நிகழ்ச்சிகள் ஏற்கெனவே ஆட்டம் என்பதால் அட்டைக்கு அப்படியே இறங்கின. கதைத் தொடர்களிலிருந்து செய்தவை பெரும்பாலும் முள்ளைச் சுழற்றி, வந்த எண்ணுக்குக் காயை நகர்த்துபவைதான். படத்தை மாற்றினால் வேறு தொடர். ஆட்டமாக அவை சுமார்தான்.

ஆனாலும் அவற்றை நான் தள்ளிவிட மாட்டேன். 'டார்க் ஷேடோஸ்' என்று ஒரு தொடர், 1966 முதல் 1971 வரை ஏபிசியில் வாரநாள் பிற்பகல்களில் வந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து பார்த்த தொடர். அதில் வரும் ரத்தக்காட்டேரி பார்னபஸ் காலின்ஸின் பெயரில் 1969-இல் மில்டன் பிராட்லி ஒரு பெட்டி போட்டது. குட்டிச் சவப்பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் எலும்புகளை எடுத்து, முழு எலும்புக்கூட்டை முதலில் மாட்டி முடிப்பவர் வென்றார். கூடவே இருட்டில் ஒளிரும் கோரைப்பற்கள்! அன்றைக்கு ஓர் அத்தியாயம் முடிந்தால் முடிந்ததுதான். வீட்டில் பதிந்து வைக்கும் வீடியோ ரெக்கார்டர் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்ததே 1975 வாக்கில். மனதுக்குப் பிடித்த ஒன்று தினமும் அரைமணி நேரம் வந்துவிட்டுக் காணாமல் போகிறது. அதில் கையால் தொடக்கூடியதாக வீட்டில் மிஞ்சியது இந்தப் பெட்டிதான். எந்த நேரமும் எதையும் திரும்பப் பார்க்க முடிகிற உங்கள் மகளுக்கு அந்தத் தவிப்பை விளக்குவது கஷ்டம். நமக்குப் புரியும். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்கும்போது மின்சாரம் போன வீட்டில் வளர்ந்தவர்கள்தானே நாம்.

தாயமும் பல்லாங்குழியும் யார் செய்தது என்று தெரியாமல் நம்மிடம் வந்தன. இது யார் செய்தது, என்ன விலை என்று பெட்டியிலேயே தெரிந்து வந்தது. இரண்டையும் தரையில் விரித்தது மனிதர்கள்தான். தாயத்தின் மேலுள்ள ஏக்கம் உயர்ந்தது, இது மட்டம் என்று பிரிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெட்டியைப் பற்றி: புதிதாக செலோ டேப் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது அச்சையும் உரித்துக்கொண்டு வரும். பேஸ்மென்டின் ஈரத்தில் வைக்காதீர்கள். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் பக்கம் போனால் ஸ்ட்ராங் தேசிய விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு மகளோடு போய்வாருங்கள். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

ஆங்கிலச் சீட்டுகள் தீர்ந்தால் தமிழில் நீங்களே எழுதி ஆடலாம். நான் ஆடியிருக்கிறேன். 'ஆடி' என்று குறிப்புக் கொடுத்தால் ஒருவர் கண்ணாடி என்கிறார், ஒருவர் மாதம் என்கிறார், ஒருவர் நடனம் என்கிறார். ஒரு சொல் யாருக்குள் எந்தக் கதவைத் திறக்கும் என்று தெரியாமல் காத்திருப்பது அவ்வளவு சுகமாக இருக்கிறது.

சரி, ஒரு சனிக்கிழமை உங்கள் நண்பரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மகள் கண்டுபிடிக்கட்டும், குறிப்புக் கொடுக்கும் நாற்காலியில் அவர் உட்காரட்டும். மதிப்பெண் எழுத வேறு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதன் பின்பக்கம் காலியாக இருந்தாலும் வேண்டாம்.