மே மழையை நம்பலாமா? நிலக்காரர்களின் கேள்விகள்

வேலை பெங்களூருவில், நிலம் ஓசூர், கோலார், ஆனேக்கல் பக்கம் என்று இருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் ஆனேக்கல் பக்கம் மானாவாரியில் ராகி போடுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, இந்த வருஷம் "இயல்பான பருவமழை" என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்தால் தைரியமாக விதைக்கலாமா?

அது நாடு முழுவதற்குமான, ஜூன் முதல் செப்டம்பர் வரை 4 மாதக் கணக்கு. நீண்டகாலச் சராசரி 87 செ.மீ.; அதில் 96 முதல் 104 சதவீதம் பெய்தால் இயல்பு. 2023-ல் 94 சதவீதம் பெய்தது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த வருஷ ஆகஸ்ட், 1901-லிருந்து வந்த ஆகஸ்டுகளிலேயே வறண்டது. கர்நாடகத்தில் பயிர் கருகியது. எந்த ரகம் போடலாம், எவ்வளவு கடன் வாங்கலாம் என்று யோசிக்க அந்த அறிவிப்பு உதவும். விதைக்கும் நாளை அது சொல்லாது.

மே மாதமே இடி மழை கொட்டுகிறது. ராகி விதைத்துவிடவா?

வேண்டாம் தம்பி. அது பகல் வெயிலில் கிளம்பி மாலையில் கொட்டிவிட்டுப் போகும் கோடை மழை. உழவு ஓட்டிக்கொள்ளுங்கள், போதும். நானும் ஒரு வருஷம் அவசரப்பட்டு மே கடைசியில் விதைத்தேன். முளைத்து மூன்று விரல் உயரம் வந்தது, அப்புறம் மூன்று வாரம் சொட்டு மழை இல்லை. விதை, கூலி எல்லாம் இரண்டாம் தடவை.

ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். ஆடிப்பட்டம் வரை காத்திருந்தாலும் ராகிக்கு நஷ்டமில்லை. ஜூலையில் ஜிபியு 28 என்ற ராகி ரகம் போடலாம். ஆகஸ்ட் ஆகிவிட்டால் 100 நாளில் முடியும் ஜிபியு 48 ரகம்.

எல் நினோ என்றால் வறட்சிதானா?

பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அது வந்தால் நமக்கு மழை குறையலாம், ஆனால் எப்போதும் இல்லை. எல் நினோ இருந்த 2015-ல் 86 சதவீதம்தான் மழை. பலமான எல் நினோ இருந்த 1997-ல் சராசரிக்குக் கொஞ்சம் மேலேயே பெய்தது.

"ஓரிரு இடங்களில் மழை" என்கிறார்கள், எங்கள் ஊரில் பெய்வதே இல்லை!

அந்தச் சொல்லுக்கு அளவு உண்டு. அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை பெய்தால் ஓரிரு இடங்கள். அதாவது நாலில் மூன்று ஊர் காய்ந்திருந்தாலும் கணிப்பு சரிதான். மருந்து தெளிக்கும் முன் விவசாயிகளுக்கான அரசு வானிலைச் செயலி மேக்தூத்தில் உங்கள் மாவட்டத்துக்கு வரும் அறிவுரையைப் பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் புதுப்பிக்கிறார்கள்.

ஓசூர் பக்கம் தளியில் நிலம். அறுவடை நேரத்தில்தான் மழை பிடிக்கிறது, என்ன செய்ய?

நம் பக்கம் ஜூலையில் வெறும் சாரல், செப்டம்பர் அக்டோபரில்தான் கனமழை. அதன் பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் அறுவடைக்கு நின்ற ராகி எத்தனையோ வயல்களில் சாய்ந்தது. வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்று காதில் விழுந்தால், முற்றிய வயலில் கதிரை மட்டும் முதலில் கொய்து மேட்டில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தாளை வெயில் வந்த பிறகு அறுத்துக்கொள்ளலாம்.