கேஸ் வாடை வந்தால் கை சுவிட்சுக்குப் போகிறதே?

கேள்வி: நள்ளிரவில் சமையலறையில் கேஸ் வாடை. பதற்றத்தில் லைட்டைப் போட்டுவிட்டேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்தில் நிதானமாக இருப்பது எப்படி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பழகிய கைதான் நிதானம் தரும் அம்மா. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு ரெகுலேட்டரைத் தடவி, குமிழைத் திருப்பி அணைத்துப் பாருங்கள். நாலைந்து முறை செய்தால், இருட்டிலும் கை அங்கேதான் போகும்.

சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே பொறி பறக்கும். அதனால் ஓடுகிற ஃபேனைக்கூட நிறுத்த வேண்டாம். சாமி விளக்கு எரிந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, சிலிண்டரின் வாயில் பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் போடுங்கள். அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடுபவர்கள்தான் அதிகம். நூலோடு சிலிண்டரிலேயே கட்டி வையுங்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். ஜன்னல் மட்டும் போதாது, கதவுகளையும் அகலத் திறங்கள். 'உஸ்' என்று பலமாகச் சத்தம் கேட்டால் எதையும் தொடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். வெளியே போன பிறகே, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு பார்க்க சோப்பு நுரை போதும், தீக்குச்சி கூடவே கூடாது.