வாடகைக்கு இருப்பவர் ஓயாமல் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார். காலி செய்யச் சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மதுரையில் கீழ் வீட்டில் நாங்கள் இருக்கிறோம், மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு குடிவந்தார்கள். முதல் மாதமே ஜன்னலுக்குக் கொசுவலை, பரணுக்குக் கதவு, துணி காயப்போடக் கம்பி என்று கேட்டார்கள். செய்து கொடுத்தேன். அப்புறம் ஹாலுக்கு வேறு கலர் பெயின்ட் வேண்டும் என்றார்கள். ஒருநாள் இரவு பத்தரைக்குப் போன்: "அக்கா, பாத்ரூம் குழாய் சொட்டுது, பிள்ளை தூங்க மாட்டேங்குது." காலையில் ப்ளம்பர் வந்து பார்த்தால் வாஷர் தேய்ந்திருந்தது. வாஷர் பத்து ரூபாய், வந்துபோன கூலி முந்நூறு. அதையும் நானே கொடுத்தேன். எது யார் செலவு என்று முதலிலேயே பேசிவைக்காதது என் தப்பு. எதுவரை கேட்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

அந்த எரிச்சலில்தான் பெரிய தவறைச் செய்தேன். ஐப்பசி மழையில், "படுக்கை ரூம் சுவர்ல ஓதம் அடிக்குது அக்கா" என்றாள். இதுவும் அந்த வரிசையில் ஒன்று என்று நினைத்து "பார்க்கலாம்மா" என்று போனை வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் மாடிக்குப் போனேன். தொட்டில் கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் உப்பிக்கொண்டு நின்றது. விரல் வைத்ததும் பூச்சு மாவாக உதிர்ந்தது. டேங்கிலிருந்து சுவருக்குள் இறங்கும் குழாயில் கசிவு. பிள்ளைக்குச் சளி விடவே இல்லை என்று அவள் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அதன் பிறகுதான் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று அதன் அட்டவணையிலேயே பிரித்திருக்கிறார்கள். கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. நிறையக் கேட்கிறார் என்பது வெளியேற்றுவதற்கான காரணங்களில் இல்லை. வாடகை பாக்கி, உள்வாடகை, நமக்கே வீடு தேவைப்படுவது மாதிரியானவைதான் இருக்கின்றன. கோபத்தில் தண்ணீரை, கரன்ட்டை நிறுத்துவதையும் அதே சட்டம் தடுக்கிறது. அதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்துவிடாதீர்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் அந்த அட்டவணையை அப்படியே சேர்த்து எழுதினேன். ப்ளம்பர், எலக்ட்ரீசியன் நம்பரை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். தண்ணீர் ஒழுகினாலும் ஷாக் அடித்தாலும் நடுராத்திரியில்கூடக் கூப்பிடலாம், மற்றதை வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்று சொன்னேன். அன்றைக்கே பதில் போட்டுவிடுவேன்: செய்கிறேன் என்றால் எந்த நாளில் என்று, முடியாது என்றால் ஏன் என்று. அடுப்படிக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டார்கள். "நீங்க வாங்கி மாட்டிக்குங்க, காலி பண்ணும்போது கழட்டிட்டுப் போகலாம்" என்றேன். சரி என்று அந்த வாரமே வாங்கிவிட்டார்கள். சுவரைச் சரிசெய்து கொடுத்த பிறகு நான் சொல்லும் "முடியாது" அவர்களுக்குக் கோபத்தைத் தரவில்லை என்றுதான் தோன்றுகிறது. அதற்குப் பிறகும் மூன்று வருடம் இருந்தார்கள்.

உங்கள் ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை அப்போது யோசியுங்கள். இப்போதைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, இதுவரை கேட்ட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அதில் தண்ணீர், கரன்ட், சுவர் என்று ஏதாவது இருந்தால், மற்றதைப் பேசும் முன் அதற்கு ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள்.