ஆட்டத்தில் தூங்கினால் என்ன லாபம்?

கற்பனை உலக ரோல்பிளேயிங் கேம்களில் ஓய்வு, பகல், இரவு பற்றி நம் சென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்.

வேளச்சேரி: அண்ணா, ஸ்கைரிமில் நான் தூங்குவதே இல்லை. நஷ்டமா?

சிறு நஷ்டம்தான் தம்பி. கண்ட கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்தாலே திறன்கள் 5 சதவீதம் விரைவாக வளரும். சொந்தக் கட்டில் அல்லது வாடகைக்கு எடுத்த விடுதி அறை என்றால் 10; மணமுடித்துத் துணையோடு வாழும் வீட்டில் 15. பலன் 8 மணி நேரம் நிற்கும், கேமின் கடிகாரப்படி. ஓநாய் மனிதனாக மாறியவருக்கு இது கிடையாது. பசி, களைப்பு, குளிர் எல்லாம் பாதிக்கும் சர்வைவல் முறையைத் தவிர, தூங்காதவருக்குத் தண்டனையே இல்லை. அதனால்தான் பலர் கட்டிலை மறந்துவிடுகிறார்கள். இதே தொடரில் 2006இல் வந்த ஆப்ளிவியன் கறாரானது: படுக்காமல் லெவல் ஏறாது.

பெரம்பூர்: கேமில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் எவ்வளவு?

ஸ்கைரிமில் 72 நிமிடம். செல்டாவின் பிரெத் ஆஃப் த வைல்டில் 24 நிமிடம்தான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியைக் கையில் எடுத்தால், கடற்கரை நிலையம் வருவதற்குள் இரண்டு முறை விடிந்துவிடும்.

குரோம்பேட்டை: பால்டர்ஸ் கேட் 3இல் நீண்ட ஓய்வை மிச்சம் பிடித்தே ஆடுகிறேன். சரிதானா?

தயவுசெய்து வேண்டாம். நீண்ட ஓய்வு என்றால் முகாமில் ஓர் இரவு படுத்து உயிரையும் மந்திரங்களையும் மீட்பது. உங்கள் பாத்திரத்தின் மூளைக்குள் புழு இருக்கிறது, சீக்கிரம், சீக்கிரம் என்று கேம் விரட்டுவதைக் கேட்டுத்தான் எல்லோரும் இப்படிக் கஞ்சத்தனம் செய்கிறார்கள். அந்தப் புழுவுக்குக் கெடு எதுவும் கிடையாது. தோழர்கள் மனம் திறந்து பேசும் காட்சிகளில் பல, இரவு முகாமில்தான் வரும். ஓய்வைத் தள்ளிப்போட்டால் கதையின் பாதி உங்களைத் தாண்டிப் போய்விடும். ஒரு நீண்ட ஓய்வுக்கு உணவுப் பொருள் 40 வேண்டும், டாக்டீசியன் என்ற கடின நிலையில் 80. பீப்பாய், மூட்டை எதையும் விடாமல் துழாவினால் தட்டுப்பாடே வராது. நடுவில் இரண்டு குறுகிய ஓய்வுகள் இலவசம். வார்லாக் என்ற மந்திரவாதி வகையின் மந்திரங்கள் அதிலேயே மீண்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை: சில இடங்கள் காத்திருக்காது. எரியும் விடுதியைக் கண்ட பிறகு முகாமுக்குப் போய்ப் படுத்தால், உள்ளே சிக்கியவர்கள் பிழைக்க மாட்டார்கள்.

அண்ணா நகர்: எல்டன் ரிங்கில் இரவு வரக் காத்திருப்பதாக என் மகன் சொல்கிறான். உண்மையா, சாக்கா?

பாதி உண்மை அம்மா. கறுப்புக் குதிரை வீரர்கள் என்ற எதிரிகள் இரவில் மட்டுமே நடமாடுவார்கள். ஆனால் காத்திருக்கத் தேவையில்லை. கிரேஸ் என்ற ஓய்விடத்தின் ஒளியருகே அமர்ந்து காலை, மதியம், இரவு எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம். "இரவாகட்டும், வருகிறேன்" என்றால் நம்பாதீர்கள்.

மயிலாப்பூர்: இரவை உண்மையிலேயே அஞ்சவைக்கும் கேம் எது?

டிராகன்ஸ் டாக்மா. முதல் பாகத்திலேயே கும்மிருட்டு. லாந்தர் எண்ணெயும் தீரும். 2024இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் கொடியது: அடிபட அடிபட உயிர்க்கோட்டின் உச்ச அளவே சுருங்கும், அதை மந்திரத்தால் மீட்க முடியாது. விடுதியிலோ முகாமிலோ உறங்கியாக வேண்டும். முகாமையும் இரவில் அரக்கர்கள் தாக்கிக் குலைக்கலாம். ஓய்வுக்கு இவ்வளவு விலை வைத்ததால்தான் ஊர் வாசல் தெரியும்போது நிஜமாகவே நிம்மதி வருகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுவே.

போரூர்: விட்சர் 3இல் தியானம் செய்தால் காயம் ஆறுமா?

கேமின் நான்கு கடின நிலைகளில், எளிய இரண்டில் ஆறும், கடினமான இரண்டில் ஆறாது. மருந்துப் புட்டிகள் எந்த நிலையிலும் நிரம்பும். அதற்குப் பையில் வீரியமான மது இருக்க வேண்டும்.