எம்.சி.ஏ. மாணவர்களுக்கு நிகழ்தகவும் புள்ளியியலும் எப்படி நடத்துவது?

கேள்வி: "எம்.சி.ஏ. முதலாண்டுக்கு இந்தப் பாடம் எடுக்கிறேன். பாதிப் பேருக்குக் கணக்கு என்றாலே பயம். என்ன செய்யலாம்?"

நீங்கள் புதிதாக வேலையில் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். "வினா வங்கியைக் கொடுத்து பாஸ் பண்ண வைங்க, அது போதும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக இதை நடத்துகிறேன். பி.சி.ஏ. முடித்து வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுத வரும். ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் யாரும் பழக்கியிருக்க மாட்டார்கள்.

ஒரு வருடம் ராமேஸ்வரத்துப் பையன் ஒருவன், அவன் அப்பா போகும் விசைப்படகின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தான். அங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி மட்டும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்த பிறகு வந்த ஐந்து வாரக் கணக்கு அது. மொத்தம் 15 கடல் நாள். எட்டு நாளுக்கு இறால் எத்தனை கிலோ என்று எழுதியிருந்தது. ஏழு நாள் வெற்றுக் கட்டம்.

வகுப்பில் எல்லோரும் அதைப் பைத்தானில் ஏற்றினார்கள். வெற்றுக் கட்டத்தில் பூஜ்யம் நிரப்ப ஒரு வரி போதும், யோசிக்காமல் நிரப்பினார்கள். சராசரி 32 கிலோ. நோட்டுக்காரப் பையன் எழுந்தான். "மேடம், அன்னைக்கு இறால் இல்லாம இல்ல. கச்சான் காத்து அடிச்சுச்சு, டோக்கன் குடுக்கல, படகே போகல." டோக்கன் என்றால் கடலுக்குப் போகத் தரும் அனுமதிச் சீட்டு.

சரி என்று, படகு கடலுக்குப் போன எட்டு நாளை மட்டும் எடுத்தோம். 60 கிலோ வந்தது. ஆனால் தடை முடிந்து போன முதல் நாளில் மட்டும் 182 கிலோ. அந்த ஒரு நாள் சராசரியைத் தூக்கிவிட்டது. இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், பார்த்தால் 43.

மூன்று விடையில் எது சரி என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இன்னொரு மீனவர் வீட்டுப் பெண், "எங்க வீட்டுக்கு 32 தான் மேடம். டோக்கன் இல்லாத நாளுக்கும் வட்டி ஓடும்ல" என்றாள். கடலில் இறால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பூஜ்யம் தவறு. வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டால் அதே பூஜ்யம் சரி. விடுபட்ட தரவைப் பற்றி நான் ஒரு வாரம் பேசியிருந்தாலும் அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் சொன்னதற்கு ஈடாகாது.

ஊர்க்கதை சொன்னால் மதிப்பெண் வருமா என்று சிலர் கேட்பார்கள். நிரூபணம் எதையும் நான் விட்டதில்லை. முதலில் எண்ண வைப்பேன், சூத்திரம் அப்புறம், அவ்வளவுதான் வித்தியாசம். பேயஸ் தேற்றத்துக்கு இப்படி: ஓர் இணையதளத்தில் 10,000 பேர் உள்நுழைகிறார்கள், அதில் 100 பேர் திருட்டுக் கணக்கு. நிரல் அந்த நூறில் 90-ஐப் பிடிக்கிறது. மீதி 9,900 நல்லவர்களில் 5 சதவீதம், அதாவது 495 பேரையும் தவறாகப் பிடிக்கிறது. பிடிபட்ட ஒருவர் உண்மையிலேயே திருடராக இருக்க வாய்ப்பு எவ்வளவு? பெரும்பாலோர் 90 சதவீதம் என்பார்கள். பிடிபட்டவர்கள் மொத்தம் 585, அதில் திருடர் 90, சுமார் 15 சதவீதம்தான். இதைக் கையால் எண்ணிப் பார்த்த பிள்ளைக்கு நிபந்தனை நிகழ்தகவின் (ஒன்று நடந்தது தெரிந்த பிறகு இன்னொன்றுக்கான வாய்ப்பு) சூத்திரம் பயம் காட்டாது.

எல்லோரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என்றும் நான் சொல்லவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குண்டு மிளகாய் மூட்டை விலையை எடுப்பேன். உங்கள் ஊரில் எது இருக்கிறதோ அதை எடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில்தான் புதிய பாலம் திறந்தது. பாலத்துக்கு வயதாகிவிட்டது, நிறுத்தியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இடையில் பேருந்தில் நின்றுகொண்டே வந்து முதல் மணி நேரத்தைத் தவறவிட்ட தீவுப் பிள்ளைகளுக்கு வருகைப்பதிவில் கைவைத்தார்களே, அதை என்னால் மறக்க முடியவில்லை. நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. 2020-இலிருந்து படிப்பே இரண்டு வருடம்தான். அதில் ஒரு பிள்ளையின் ஒரு மணி நேரம் சின்ன விஷயமா?

முதல் நாள் பலகையில் எழுத எண்கள் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்: 182, 38, 45, 40, 52, 35, 41, 47. நடுநடுவே ஏழு கட்டத்தை வெற்றாக விடுங்கள். அவை ஏன் வெற்றாக இருக்கின்றன என்று அவர்களே கேட்கும் வரை சொல்லாதீர்கள்.