ஆயுத விற்பனையும் பெரியப்பாவின் துப்பாக்கியும்

அன்புள்ள ஐயா,

தேர்தல் அறிவித்துவிட்டால் எங்கள் பெரியப்பா, காட்டுப்பன்றிக்காக வைத்திருக்கும் லைசென்ஸ் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். லைசென்ஸைப் புதுப்பிக்க கலெக்டர் ஆபீஸுக்கு அலைவது தனி. ஒரு துப்பாக்கிக்கே இவ்வளவு கெடுபிடி. சூடானில் ஐ.நா. தடை இருந்தும் ஆயுதம் எப்படிப் போய்ச் சேருகிறது? நாடுகளைக் கேட்க ஆளே இல்லையா?

மு., கடையம்

அன்புள்ள மு.,

ஐ.நா. தடை சூடானின் மேற்கே இருக்கும் தார்ஃபூர் பகுதிக்கு மட்டும்தான், 2004-லிருந்து இருக்கிறது. சூடானின் மற்ற பகுதிகளுக்கு விற்றால் அந்தத் தடையை மீறியதாக ஆகாது. அங்கிருந்து லாரியில் தார்ஃபூருக்குப் போவதை யார் நின்று பார்ப்பது?

உலகம் முழுமைக்குமான சட்டமும் உண்டு. ஆயுத வர்த்தக ஒப்பந்தம் 2013 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபையில் 154 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறி, 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இனப்படுகொலைக்குப் பயன்படும் என்று தெரிந்தால் விற்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்வது விற்கிற நாடேதான். போய்ச் சோதிக்க அதிகாரி கிடையாது, மீறினால் தண்டிக்க அமைப்பு கிடையாது. உங்கள் பெரியப்பா தன் லைசென்ஸைத் தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வது மாதிரி. ஏமன் மீது குண்டு போட்ட சவூதிக்கு பிரிட்டன் ஆயுத அனுமதி கொடுத்த விதம் சட்டவிரோதம் என்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் சொன்னது. மறு ஆண்டே, நடந்த போர்ச்சட்ட மீறல்கள் தனித்தனிச் சம்பவங்கள்தான் என்று பிரிட்டிஷ் அரசே தீர்மானித்து அனுமதியை மறுபடி தொடங்கியது.

அப்புறம், இறுதிப் பயனாளர் சான்றிதழ் என்ற காகிதம். இது எங்களுக்குத்தான், கைமாற்ற மாட்டோம் என்று வாங்கும் அரசு எழுதித் தருவது. 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஏகே துப்பாக்கிகளைப் போட்டார்களே, அவை பல்கேரியாவில் வாங்கியவை. வாங்கியது வங்காளதேசம் என்று காகிதம் சொன்னது.

நம் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. ஆயுத வர்த்தக ஒப்பந்தம் நிறைவேறிய அதே 2013-ஆம் ஆண்டு, அக்டோபரில், தூத்துக்குடிக்கு அருகே சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலைப் பிடித்தார்கள். கம்பெனி அமெரிக்காவினுடையது, கப்பலைப் பதிவு செய்து கொடி கொடுத்த நாடு சியரா லியோன். உள்ளே இருந்தவர்கள் இந்தியர், பிரிட்டிஷார், எஸ்தோனியர், உக்ரைனியர் என்று 35 பேர், கூடவே 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். அவர்களில் சிலர் பாளையங்கோட்டை சிறையில் இருந்தார்கள். 2016 ஜனவரியில் 35 பேருக்கும் ஐந்தாண்டு தண்டனை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்க வந்தோம் என்றார்கள். அவர்கள் சம்பளத்துக்கு வந்த காவலர்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. கடலில் துப்பாக்கியோடு நிற்கும் இப்படிப்பட்ட மிதக்கும் கிடங்குகளுக்கென்று தனி உலகச் சட்டம் எதுவும் இல்லை என்பதுதான் என் கோபம். கேட்க வேண்டியது கொடி கொடுத்த நாடு, அதுவோ எங்கோ மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

இந்தியா ஆயுத வர்த்தக ஒப்பந்தத்துக்கு வாக்களிக்காமல் ஒதுங்கியது, இன்றுவரை சேரவில்லை. விற்கும் நாடுகளின் கையே ஓங்கும், பயங்கரவாதிகள் கைக்கு ஆயுதம் போவதைத் தடுக்க அதில் வலுவில்லை என்று அன்று சொன்னது. வாங்கும் நாடாக அது நியாயமான பேச்சு. சரி, இன்று? 2024-25-ல் மட்டும் 23,622 கோடி ரூபாய்க்கு நாம் ராணுவத் தளவாடம் ஏற்றுமதி செய்திருக்கிறோம். பிலிப்பைன்ஸுக்கு பிரம்மோஸ் ஏவுகணை போயிருக்கிறது. மொத்தத் தொகையைப் பெருமையோடு அறிவிக்கிறோம். எந்த நாட்டுக்கு எதை, என்ன நிபந்தனையில் விற்றோம் என்ற முழுப் பட்டியல் வருவதில்லை. நாம் விற்ற குண்டு எந்த ஊரில் விழுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எம்.பி. கடையம் பக்கம் வரும்போது ரயிலும் தண்ணீரும் கேட்பீர்கள். கூடவே, அந்தப் பட்டியலை மக்களவையில் கேட்கச் சொல்லி ஒரு மனுவும் கொடுங்கள். நானும் எழுதி அனுப்புகிறேன்.