சமன் வந்தால் யாருக்கு?

வணக்கம் சேர்,

உங்கள் கணக்குக் கட்டுரைகளைத் தவறாமல் வாசிக்கிறேன். என் ஊர் பாண்டிருப்பு. வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கிறேன். 2025 ஆகஸ்டில் கொழும்பில் அந்தப் பெரிய கசினோ திறந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்கொரு யோசனை. கசினோவில் ஆடக்கூடிய லேசான காட்ஸ் விளையாட்டு ஒன்றை நாமே உண்டாக்கினால் என்ன?

விதி இவ்வளவுதான். ஒரு கட்டு, 52 கடதாசி. ஆட வருபவருக்கு இரண்டு, டீலருக்கு (கடதாசி போடும் கசினோ ஆளுக்கு) ஒன்று. ஆடுபவரின் இரண்டில் பெரியதை டீலரின் கடதாசியோடு ஒப்பிட வேண்டும். ஆசுதான் பெரிது. ஆடுபவரிடம் இரண்டு கடதாசி இருப்பதால் அவர் வென்றால் கட்டிய காசில் பாதிதான் லாபம்: 100 ரூபா வைத்தால் 50. தோற்றால் 100ம் போகும். சமன் வந்தால் காசு திரும்பும். பெயர் ‘ரெண்டுக்கு ஒண்டு’.

வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, தோற்பது மூன்றில் ஒன்று. அப்படியென்றால் இருவருக்கும் சரிசமம். கசினோவுக்கு லாபம் எங்கிருந்து வரும் என்று விளங்கவில்லை. ஆனால் மச்சான்மாரோடு 200 தரம் ஆடி, மறுகா கணக்குப் பார்த்தால் டீலர்தான் லாபத்தில் நின்றார். அது எப்படி? இதைக் கசினோவுக்கு விற்கலாமா? வேறு யாரும் எடுக்காமல் பதிந்து வைக்கலாமா?

என் பெயரைப் போட வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டில் சண்டைதான்.

— ஒரு வாசகர், பாண்டிருப்பு

*

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். ஊரை மட்டும் விட்டு வைத்தேன். திரௌபதை அம்மன் கோயில் ஊரிலிருந்து சூதாட்டத்தைப் பற்றி ஒரு கடிதம் வந்தால் அதை மறைக்க மனம் வருமா? பாரதம் படித்து, வனவாசம் போய், தீ மிதித்து முடிக்கிற உங்கள் ஊர்த் திருவிழா அத்தனைக்கும் காரணம் சகுனி உருட்டிய காய்தானே. (சகுனிக்குக் கொஞ்சம் நிகழ்தகவு தெரிந்திருந்தால் கள்ளக் காய் தேவைப்பட்டிருக்காது. விதியில் நூற்றுக்கு இரண்டு தன் பக்கம் சாய்த்துவிட்டு, தருமரை விடிய விடிய ஆட விட்டிருந்தாலே போதும்.)

சரி, விளையாட்டுக்கு வருவோம். உங்கள் ‘மூன்றில் இரண்டு’ முழுக்கச் சரியில்லை. மூன்று கடதாசியும் வேறு வேறு இலக்கமாக விழுந்தால் மட்டும்தான் அது சரி. 52இலிருந்து மூன்றை எடுக்க 22,100 வழிகள் உண்டு. அதில் 18,304 வழிகளில் மூன்றும் வேறு வேறு. இங்கே பெரியது டீலரிடம் போய்ச் சேர மூன்றில் ஒரு வாய்ப்பு. உங்கள் கணக்கு அப்படியே நிற்கிறது, யாருக்கும் லாபமில்லை. மிச்சத்தில் 3,744 வழிகளில் ஒரு சோடி இருக்கும். 52 வழிகளில் மூன்றும் ஒன்றே. உங்கள் விளையாட்டின் உயிர் அந்தச் சோடிகளில் கிடக்கிறது.

ஒரு சோடியை மேசையில் பரப்பிப் பாருங்கள். இரண்டு ராசா, ஓர் ஐந்து. ஐந்து டீலரிடம் போனால் ஆடுபவருக்கு வெற்றி. இரண்டு ராசாவில் எது டீலரிடம் போனாலும் சமன். டீலர் வெல்ல வழியே இல்லை. இப்போது மாற்றி வையுங்கள்: இரண்டு ஐந்து, ஒரு ராசா. ராசா டீலரிடம் போனால் டீலருக்கு வெற்றி. ஐந்து போனால், அது எந்த ஐந்தானாலும், ஆடுபவருக்கு வெற்றி. சமன் வராது. இரண்டு வகையையும் சேர்த்து, சமனைத் தள்ளி எண்ணுங்கள். ஆடுபவர் மூன்று தரம் வெல்லும் இடத்தில் டீலர் ஒரு தரம்தான் வெல்கிறார். நீங்கள் பாதி லாபம் கொடுப்பது இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். மூன்றுக்கு ஒன்றாக வெல்பவருக்கும் அதே பாதியைக் கொடுத்தால் டீலருக்குக் கையைக் கடிக்கும்.

எல்லாவற்றையும் கூட்டினால் ஆடுபவர் வெல்வது 63.69%, டீலர் வெல்வது 30.43%, சமன் 5.88%. ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் ஆடுபவருக்குச் சராசரியாக 1 ரூபா 41 சதம் மிச்சம். கசினோ வருகிறவர்களுக்கெல்லாம் சம்பளம் கொடுக்கும் விளையாட்டு ஒன்றை நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள்! அதை அவர்கள் வாங்க மாட்டார்கள்.

அப்படியென்றால் மச்சான்மாரோடு ஆடியபோது டீலர் எப்படி முன்னுக்கு நின்றார்? அதிலொன்றும் அதிசயமில்லை. 100 ரூபாப்படி 200 ஆட்டம் ஆடினால் ஆடுபவருக்குச் சராசரியாக 280 ரூபா வர வேண்டும். ஆனால் 200 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் மட்டும் 950 ரூபா அளவுக்கு அங்கும் இங்கும் இழுக்கும். அந்த இழுப்பில் 280 எங்கே தெரியப்போகிறது? இப்படி ஐந்து இரவு ஆடினால் இரண்டு இரவளவில் டீலர் லாபத்தில் நிற்பார். 1.41ஐ ஆடியே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒன்பதாயிரம் ஆட்டத்துக்கு மேல் வேண்டும், மச்சான்மார் எழும்பிப் போய்விடுவார்கள். 22,100 வழியையும் எண்ணுவது அதைவிட லேசு. புதுசாக விளையாட்டு உண்டாக்கும் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஆடிப் பார்ப்பது விளையாட்டு அலுக்கிறதா இல்லையா என்று அறிய. லாப நட்டம் அறிய எண்ணத்தான் வேண்டும்.

இனி இதைக் கசினோ விளையாட்டாக்குவது எப்படி? ஒரு வரியை மட்டும் தொடுங்கள், சமன் பற்றிய வரியை. சமன் வந்தால் காசு முழுக்கத் திரும்பும் என்ற உங்கள் விதியில் ஆடுபவருக்கு 1.41%. சமனில் ஆடுபவர் பாதியை இழக்கிறார் என்று மாற்றினால் கசினோவுக்கு 1.53%. முழுவதையும் இழக்கிறார் என்றால் 4.47%. கடதாசிச் சாதிகளுக்கு (இஸ்பேட், ஆட்டின் போன்ற நாலு வகை) ஒரு பெரிது சிறிது வரிசை வைத்துச் சமனே வராமல் செய்தால்? அப்போது எந்த மூன்றை எடுத்தாலும் பெரியது ஒன்றுதான், அது டீலரிடம் இருக்கும் வாய்ப்பு துல்லியமாக மூன்றில் ஒன்று. லாபம் இரு பக்கமும் பூச்சியம். நீங்கள் ‘சரிசமம்’ என்று மனதில் வைத்திருந்த விளையாட்டு அதுதான், ஆனால் எழுதியது வேறு.

என்னைக் கேட்டால் பாதி இழப்பு விதி நல்லது. அதையும் ஆறு கட்டைக் கலந்து ஆட வைத்தால் சமன் 7.4% ஆக உயரும், கசினோவின் பங்கு 1.98% ஆகும். 4.47 வைத்தால் ஆடுபவர் சீக்கிரம் வெறுங்கையோடு எழும்புவார், திரும்பி வர மாட்டார். கசினோக்காரருக்கும் அது தெரியும்.

ஆட வருபவர் உற்றுப் பார்க்காத மூலையில் லாபத்தை ஒளித்து வைப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். ‘ட்ராகன் டைகர்’ என்று பக்கத்துக்கொரு கடதாசி போடும் ஆட்டம் ஆசியக் கசினோக்களில் இருக்கிறது. அதில் நான் மேலே சொன்ன பாதி இழப்பு விதிதான். எட்டுக் கட்டில் 3.73% கசினோவுக்கு. ரூலெட் சக்கரத்தில் பந்து விழ 37 குழி வைத்துவிட்டு, சரியான குழியில் கட்டியவருக்கு 35 மடங்கு லாபம் கொடுப்பார்கள், அந்த ஒற்றைப் பூச்சியக் குழியில் 2.70% கிடக்கிறது. பிளாக்ஜாக்கில் அது ஒழுங்கில் இருக்கிறது: கடதாசிகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டினால் தோல்வி, முதலில் தாண்ட வேண்டியவர் ஆடுபவர். பிறகு டீலரும் தாண்டினாலும் ஆடுபவருடைய காசு திரும்பாது.

எனக்குப் பிடித்தது ‘உள்ளே வெளியே’. தென்னிந்தியத் தெருவில் ஆடுவது. நடுவில் ஒரு கடதாசியைத் திறந்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று மாறி மாறிப் போடுவார்கள். அதே இலக்கம் எந்தப் பக்கம் முதலில் விழுகிறதோ அந்தப் பக்கம் வெற்றி. தெருவில் இது பாதிக்குப் பாதி என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். முதலில் போடத் தொடங்கும் பக்கம் 51.5% வெல்லும். கசினோவில் அந்தப் பக்கம் வென்றால் 100க்கு 90, மற்றப் பக்கம் வென்றால் 100க்கு 100. முதல் பக்கம் கட்டினால் கசினோவுக்கு 2.15%, மற்றதில் 3%. விதியில் ஒரு சொல்லும் மாறவில்லை, பத்து ரூபாதான் மாறியது. உங்கள் விளையாட்டும் இந்தச் சாதிதான்.

சில சில்லறை விஷயங்கள். பாதி கொடுப்பதால் பந்தயம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டீலர் சில்லறை தேடிக்கொண்டு நிற்பார். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை ஆட்டம் முடியும் என்பதுதான் கசினோ கேட்கும் முதல் கேள்வி. அப்புறம், சமனுக்குத் தனிப் பந்தயம் ஒன்று வையுங்கள். ஒரு கட்டில் சமன் விழுவது சரியாக 17இல் ஒரு தரம். நியாயமான கொடுப்பனவு 16 மடங்கு. நீங்கள் 14 கொடுத்தால் கசினோவுக்கு 11.76%. அநியாயம்தான், ஆனால் ஒருவர் மேசையில் 14 மடங்கு வென்று கூச்சல் போட்டால் பக்கத்து மேசைக்காரரும் எழும்பி வருவார். கவனம், ஆறு கட்டுக்குப் போனால் இதே 14 ஆடுபவருக்கு 11% லாபமாகிவிடும். கட்டின் எண்ணிக்கையைத் தொட்டால் எல்லாவற்றையும் மறுபடி எண்ண வேண்டும்.

உங்கள் விளையாட்டில் எனக்குள்ள ஒரே குறை, ஆடுபவர் தீர்மானிக்க எதுவுமில்லை. காசை வைத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 1994இல் டெரெக் வெப் என்ற இங்கிலாந்துக்காரர் உண்டாக்கிய மூன்று கடதாசிப் போக்கர் இன்று உலகமெங்கும் ஓடுவதற்குக் காரணம், அதில் ஒரேயொரு தீர்மானம் உண்டு: கையைப் பார்த்துவிட்டு இன்னொரு மடங்கு வைப்பதா, விட்டுவிடுவதா. ஒன்றே போதும். அதற்கு மேல் போனால் நம்முடைய 304 காட்ஸ் விளையாட்டு மாதிரி ஆகிவிடும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கு 304. கேள்வி, துரும்பு, எதிரே இருக்கும் கூட்டாளியின் முகம். செத்த வீட்டில் இரா முழிக்க அதைப்போல வேறொன்றில்லை. ஆனால் கெட்டிக்காரன் கசினோவையே வெல்லும் விளையாட்டை மேசையில் வைக்க மாட்டார்கள். அங்கே கெட்டிக்காரனும் மெல்லத் தோற்க வேண்டும்.

ஆகவே இரண்டாவது வடிவத்தை இப்படி யோசியுங்கள். ஆடுபவர் தன் இரண்டு கடதாசியையும் பார்த்த பிறகு, விரும்பினால் பந்தயத்தில் பாதியைக் கொடுத்து ஒதுங்கலாம். எந்தக் கைக்கு ஒதுங்குவது லாபம்? இதை நான் எண்ணித் தரப் போவதில்லை, நீங்கள் எண்ணி எழுதுங்கள். ஒரு துப்பு மட்டும்: அப்படி ஒதுங்கத் தகுதியான கைகள் நீங்கள் நினைப்பதைவிடக் கூட இருக்கும், அதனால் கசினோவின் 1.53இல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

விற்பதும் பதிவதும் பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் விளையாட்டு விதிகளுக்கு ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், கிடையாது. அமெரிக்காவிலும் 2016இல் பிளாக்ஜாக் வகை விளையாட்டு ஒன்றின் விதிகளுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் பேட்டன்ட் மறுத்தது. ‘ரெண்டுக்கு ஒண்டு’ என்ற பெயரை வியாபாரக் குறியாகப் பதியலாம், அதைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நம் பக்கத்தில் கசினோ கிடையாது. சட்டப்படி கசினோவுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், உள்ளூர்க்காரர் உள்ளே போகத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே கல்முனையில் ஒரு மேசை போட்டுக் காசுக்கு ஆடிப் பார்க்கலாம் என்று யாராவது மச்சான் சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள், 1.53 புளியங்கொட்டையிலும் 1.53தான்.

சூது நல்லதா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் பிரசங்கம் வைக்கவில்லை. எனக்கு அது பிடிக்காது. கையிலிருக்கும் ஃபோனிலேயே பந்தயம் கட்டி மோட்டார் சைக்கிளை ஈடு வைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவராவது உங்களைப்போல 22,100ஐ எண்ணியிருந்தால் கட்டியிருக்க மாட்டார். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவிடம் மறைக்க வேண்டாம். நிகழ்தகவுக் கணக்கு ஒன்று செய்கிறேன் என்று சொல்லுங்கள், அதில் பொய்யுமில்லை. ஒதுங்கும் கைகளின் கணக்கை முடித்ததும் அனுப்புங்கள், விடை சரியென்றால் இங்கேயே போடுகிறேன்.